முடிந்ததா, முறிந்ததா? கணினிக் கோப்பு வாசிப்பில் நேரும் பிழைகள்

தோற்றுவாய்

ஓலைச்சுவடியைப் பார்த்துப் படியெடுத்தோர் செய்த பிழைகள் பலவகையின. எகரமும் ஏகாரமும் மயங்குதல், ரகரமும் காலும் மயங்குதல், ஒரே சொல்லில் தொடங்கும் இரு வரிகளுள் ஒன்றை விட்டுவிடுதல், ஏடு முறிந்ததை அறியாமல் அடுத்த ஏட்டோடு இணைத்துவிடுதல் என அவை விரியும். நம் மாணாக்கர் இவற்றைச் சுவடியியலில் பயில்கின்றனர்.

இன்று சுவடிக்குரிய இடத்தைக் கணினிக் கோப்பு பெற்றுவிட்டது. சங்க இலக்கியம் முதல் நேற்று முடித்த ஆய்வேடு வரை அனைத்தும் கோப்புகளாகவே கைமாறுகின்றன. ஆயின் கோப்பை நாம் நேரே படிப்பதில்லை. வட்டுக்கும் நமக்கும் நடுவே நின்று நமக்காகப் படிப்பவை, பெரும்பாலும் சி என்னும் நிரல்மொழியின் நூலகத்திலுள்ள செயற்கூறுகள். வேறு மொழியில் எழுதிய நிரலும் அடித்தளத்தில் பல நேரங்களில் இவற்றையே நாடுகின்றது. இச்செயற்கூறுகள் தவறும் இடங்கள் யாவை, அவற்றைக் கையாள்வோர் தவறும் இடங்கள் யாவை, தமிழ் பயில்வோர் இவற்றை ஏன் அறிய வேண்டும் என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பட்டறிவு

இப்பொருளை ஆராயத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. என் இளமுனைவர் பட்ட ஆய்வுக்காகக் கம்மாபுரம் வட்டாரத்து ஊர்களில் வழக்குச் சொற்களைத் திரட்டினேன். ஏறத்தாழ 1,800 அட்டைகள் சேர்ந்தன. உழவு, நீர்ப்பாசனம், கால்நடை, அடுக்களை, உறவுமுறை, சடங்கு என்னும் வரிசையில் அவற்றை அடுக்கி, அக்காலத்து எட்டுப் பிட்டு எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து குறுந்தட்டில் வைத்திருந்தேன். பல்லாண்டு கழித்துக் கணினித்துறை மாணவர் ஒருவர் அக்கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிச் சொல்லடைவு செய்துதர முன்வந்தார். சி மொழியில் நிரல் எழுதினார். நிரல் தடையின்றி ஓடிற்று. பிழைச்செய்தி எதுவும் தோன்றவில்லை. அச்சிட்ட அடைவும் கைக்கு வந்தது.

அந்த அடைவைக் கொண்டு ஆய்வேடு எழுதிய மாணவி ஒருவர், ‘இவ்வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களுக்கெனத் தனிச் சடங்குச் சொற்கள் கிடைக்கவில்லை’ என்று ஓர் இயலில் எழுதியிருந்தார். படித்துத் திகைத்தேன். அச்சொற்களுட் பல, என் பாட்டியார் சொல்லச்சொல்ல நானே அட்டையில் எழுதியவை. பெட்டியைத் திறந்து அட்டைகளை எண்ணிப் பார்த்தபோது நானூறுக்கும் மேற்பட்ட சொற்கள் அடைவில் இல்லை என்பது தெரிந்தது. சடங்குப் பகுதியில் ‘ஹத்தம்’ என்னும் சொல்லுக்கு முந்திய சொல்லோடு அடைவு நின்றுபோயிருந்தது. திருக்குர்ஆனை முழுமையாக ஓதி நிறைவு செய்வதைக் குறிக்கும் சொல் அது. நிறைவைக் குறிக்கும் சொல் வந்ததும், நிறைவு பெறாமலே நிரல் நின்றுவிட்டது.

மாணவியின்மீது குற்றமில்லை. அடைவில் இல்லாததை அவர் இல்லை என்றார். அடைவு செய்த நிரலோ, தான் படிக்காமல் விட்டதை முடிந்தது என்று கூறிற்று. ‘படிக்கவில்லை’ என்பது ‘இல்லை’ என்று மாறியதே இங்கு நேர்ந்த கேடு. எண்ணிப் பார்க்க அட்டைகள் இல்லாதிருந்தால், அந்த ஒற்றை வாக்கியம் பிற்கால ஆய்வாளர்க்குச் சான்றாகவே ஆகியிருக்கும்.

படிப்பவர் கூறும் மூன்று விடைகள்

சி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். யூனிக்ஸ் இயக்க முறைமை அம்மொழியில் எழுதப்பட்டது. பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. அமெரிக்கத் தர நிறுவனம் 1989இல் அம்மொழிக்கும் அதன் நூலகத்துக்கும் தரம் வகுத்தது.

கோப்பு என்பது பைட்டுகளின் நீண்ட வரிசை. பைட்டு ஒன்று 0 முதல் 255 வரையுள்ள 256 மதிப்புகளுள் ஒன்றைக் கொள்ளும். யூனிக்ஸில் அடித்தளத்தில் நின்று கோப்பைப் படிப்பது ‘ரீட்’ என்னும் செயற்கூறு. ‘இத்தனை பைட்டுகள் கொண்டுவா’ என்று அதனை ஏவினால், அது மூன்று வகையாக விடை கூறும். நேர் எண்ணைத் தந்தால் அத்தனை பைட்டுகளைப் படித்தது என்று பொருள். 0 தந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். −1 தந்தால் படிக்க இயலவில்லை என்று பொருள். இயலாமைக்குக் காரணம் யாது என்பதைத் தனியே ஓரிடத்தில் குறித்தும் வைக்கும். வட்டுப் பழுது ஒரு காரணம்; வேறொரு பணி குறுக்கிட்டமை மற்றொரு காரணம்; குறுக்கீடாயின் மீண்டும் ஏவினால் போதும்.

இம்மூன்று விடைகளும் தெளிவானவை. ஆயின் அடிக்கடி வட்டை நாடுவது காலத்தை விழுங்கும். ஆதலின் ஒரு பகுதியை மொத்தமாகப் படித்து இடையகத்தில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக வழங்கும் செயற்கூறுகளை நூலகம் மேல்தளத்தில் அமைத்தது. ஒவ்வொரு பைட்டாகத் தருவது ‘கெட்சி’. தொகுதியாகத் தருவது ‘எஃப்ரீட்’. வரிவரியாகத் தருவது ‘எஃப்கெட்ஸ்’.

இங்குதான் சிக்கல் தொடங்குகின்றது. கோப்பு முடிந்தாலும் −1 என்பதையே கெட்சி தருகின்றது. படிக்க இயலாமற் போனாலும் அதனையே தருகின்றது. எஃப்ரீட் படித்த அளவை மட்டும் கூறுகின்றது. அவ்வளவு குறைந்தால், முடிந்ததனால் குறைந்ததா முறிந்ததனால் குறைந்ததா என்று அவ்வெண்ணைக் கொண்டு அறிய இயலாது. அதனை அறிய ‘எஃப்இஓஎஃப்’, ‘எஃப்எரர்’ என்னும் வேறிரு செயற்கூறுகளை வினவ வேண்டும். அடித்தளத்தில் மூன்றாக இருந்த விடை மேல்தளத்தில் இரண்டாகச் சுருங்கிவிட்டது. வினவும் பொறுப்பு நிரலாளரின் தலையில் விழுந்தது. அவர் மறந்தால், பாதி படித்ததும் முழுதும் படித்ததும் ஒன்றுபோலத் தோன்றும்.

255ஆம் எழுத்து

என் சொல்லடைவு நின்றமைக்குக் காரணம் இதனினும் நுட்பமானது. கெட்சி 256 வகைப் பைட்டுகளையும் தர வேண்டும். அவற்றோடு முடிந்தது என்பதையும் கூற வேண்டும். ஆக 257 விடைகள் தேவை. பைட்டு ஒன்றில் 257 அடங்கா. ஆதலின் அது தன் விடையைப் பெரிய முழுஎண்ணாகத் தருகின்றது. கெர்னிகன், ரிட்சி நூலே இக்காரணத்தை விளக்கி எச்சரிக்கின்றது. எச்சரிக்கையை மறந்த நிரலாளர், எழுத்தைத்தானே படிக்கின்றோம் என்று எண்ணி, விடையை ஒற்றைப் பைட்டு மாறியில் வாங்கிவிடுகின்றார்.

இன்டெல் வகைச் செயலிகளில் அம்மாறி பொதுவாக −128 முதல் 127 வரையுள்ள எண்களைக் கொள்வதாக அமைகின்றது. அதில் 255 என்னும் பைட்டை இட்டால் அது −1 ஆகத் தோன்றும். நிரல் அதனைப் பார்த்துக் கோப்பு முடிந்தது என்று நின்றுவிடும். நான் பயன்படுத்திய எழுத்துருவில் ஹகரம் 255ஆம் இடத்தில் அமைந்திருந்தது. உழவிலும் நீர்ப்பாசனத்திலும் கால்நடையிலும் ஹகரம் வந்த சொல் ஒன்றுமில்லை. ஆதலின் அவையெல்லாம் பிழைத்தன. ஹகரம் வந்த முதற்சொல்லில் நிரல் நின்றது.

அதே நிரலை ஆர்ம் செயலியில் இயங்கும் லினக்ஸில் ஓட்டினால் நேர்மாறான விளைவு உண்டாகும். அங்கு அம்மாறி 0 முதல் 255 வரை கொள்வது வழக்கம். −1ஐ அதில் இட்டால் 255 ஆகிவிடும். முடிவை நிரல் ஒருபோதும் அறியாது, நில்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரே பிழை ஓரிடத்தில் அரைகுறையாகவும், மற்றோரிடத்தில் முடிவில்லாமலும் வெளிப்படுகின்றது.

ஒருங்குறியின் 16 பிட்டு வடிவக் கோப்புகளிலும் இப்பிழை வேறு விதமாகத் தோன்றும். பைட்டு வரிசையைக் காட்டுவதற்காக அக்கோப்பின் தலையில் 255, 254 என்னும் இரு பைட்டுகள் இடப்படுவதுண்டு. மேற்கூறிய பிழையுள்ள நிரல் அதனைத் திறந்தால் முதற்பைட்டிலேயே நின்று, கோப்பு வெறுமை என்று கூறிவிடும். இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப் 8 வடிவத்திலோ 255 என்னும் பைட்டு எங்கும் வருவதில்லை. அவ்வடிவத்துக்கு மாறிய பின்னர் இப்பிழை மறைந்திருக்கின்றதேயன்றி நிரல்களிலிருந்து நீங்கிவிடவில்லை. பழைய கோப்பு ஒன்று வரும்போது மீண்டும் தலைகாட்டும்.

26 என்னும் முற்றுப்புள்ளி

அடுத்தது ஒரு பழைய வழக்கத்தின் எச்சம். சிபிஎம் என்னும் பழைய இயக்க முறைமை கோப்பின் நீளத்தை 128 பைட்டுத் தொகுதிகளாக மட்டுமே கணக்கிட்டது. இறுதித் தொகுதியில் உரை எங்கு முடிகின்றது என்று காட்ட 26 என்னும் பைட்டை இடுவது வழக்கமாயிற்று. அவ்வழக்கம் டாஸுக்கு வந்து, விண்டோசின் சி நூலகத்திலும் தங்கிவிட்டது. கோப்பை உரைமுறையில் திறந்தால் 26 என்னும் பைட்டு வந்தவுடன் கோப்பு முடிந்ததாக அது கொள்ளும். இருமமுறையில் திறந்தால் அவ்வாறு கொள்ளாது.

இதற்கும் தமிழுக்கும் தொடர்புண்டு. 2010ஆம் ஆண்டு தமிழக அரசு ஒருங்குறியையும், அது முழுமையாக இயலாத இடங்களுக்கு டேஸ் 16 என்னும் அனைத்து எழுத்துக் குறியீட்டு முறையையும் தரமாக ஏற்றது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தருவது டேஸ் 16. ககர வரிசையில் ‘கொ’ என்னும் எழுத்தின் எண்ணை இரு பைட்டுகளாகப் பிரித்தால் கீழ்ப் பைட்டு 26 ஆகும். அம்முறையில் அமைந்த கோப்பை விண்டோசில் கவனமின்றி உரைமுறையில் திறந்து பைட்டு பைட்டாகப் படித்தால் யாது நேரும்? கொள்ளிடம் என்று வருமிடத்தில் கோப்பு முடிந்துவிடும். ஒகரத்தின் கீழ்ப் பைட்டோ 10. அது புதுவரிக்குரிய எண். ஆதலின் வரிவரியாகப் படிக்கும் செயற்கூறு ‘ஒன்று’ என்னும் சொல்லின் முதலெழுத்தையே இரண்டாக முறித்து வரியை முடித்துவிடும்.

இது டேஸ் 16இன் குறையன்று. 16 பிட்டு எழுத்துகளை எட்டுப் பிட்டு எழுத்துகளெனக் கருதிப் படித்தவர் குறை. ஆயினும் இழப்பு எழுத்துக்கே நேர்கின்றது.

நடுவில் முறியும் எழுத்து

ரீட் செயற்கூறு கேட்ட அளவைவிடக் குறைவாகத் தருவதுண்டு. அது பிழையன்று, இலக்கணமே அவ்வாறு. வலைப்பின்னல் வழியே வரும் தரவு, வந்த அளவுக்கே கிடைக்கும். லினக்ஸில் ஒருமுறைக்கு 2,147,479,552 பைட்டுகளுக்கு மேல் எவ்வளவு கேட்டாலும் கிடையாது. எனவே குறைந்ததைக் கண்டால் மீதியை மறுபடியும் கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டு நின்றுவிடும் நிரல், சிறு கோப்புகளில் ஆண்டுக்கணக்கில் பிழையின்றி ஓடிப் பெருங்கோப்பு வரும்போது தவறும்.

தமிழுக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. யூடிஎஃப் 8 வடிவத்தில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு; தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள். ககரம் 224, 174, 149 என்னும் மூன்று பைட்டுகளால் ஆகும். ‘கோ’ என்பதற்குக் ககரமும் ஓகாரக் குறியும் சேர 6 பைட்டுகள் வேண்டும். நிரல்கள் பெரும்பாலும் 4,096 பைட்டுகள் கொண்ட தொகுதிகளாகப் படிக்கின்றன. 4,096ஐ 3ஆல் வகுத்தால் 1,365 ஈவும் 1 மீதியும் வரும். இடைவெளியே இல்லாத தமிழ் உரையாயின் 1,365 குறியீடுகள் முழுமையாக வந்து, அடுத்ததன் முதற்பைட்டு மட்டும் இத்தொகுதியில் நிற்கும். மற்ற இரண்டும் அடுத்த தொகுதிக்குப் போகும். இத்தொகுதியைத் தனியே மாற்ற முயலும் நிரல் அவ்வெழுத்தை அறியாது திகைத்து, கருஞ்சாய்சதுரத்துள் வினாக்குறி ஒன்றை இடும். இணையப் பக்கங்களில் தமிழ் உரையின் இடையே அவ்வுருவைக் கண்டவர் பலர். எழுத்து இரண்டாக முறிந்த இடமாக அது இருக்கக்கூடும்.

இதற்கு மருந்தும் அவ்வடிவத்திலேயே உண்டு. 1992ஆம் ஆண்டு யூடிஎஃப் 8ஐ வகுத்த கென் தாம்சனும் ராப் பைக்கும், தொடக்கப் பைட்டையும் தொடரும் பைட்டையும் எண்ணைக் கொண்டே வேறுபடுத்தி அறியுமாறு அமைத்தனர். தமிழ்க் குறியீடுகளில் முதற்பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. தொகுதியின் இறுதியில் முழுமை பெறாத எழுத்து நின்றால் அதனை எடுத்துவைத்து அடுத்த தொகுதியின் தலையில் சேர்த்துக்கொண்டால் போதும். உரைநூலில் ஒரு பக்கத்தின் கடைசிச் சொல் முறிந்து மறுபக்கம் சென்றால் நாம் சேர்த்துப் படிப்பதில்லையா? அதுபோன்றதே இது.

இருமுறை வரும் இறுதி வரி

முடிவை அறியும் எஃப்இஓஎஃப் செயற்கூறும் பலரைத் தடுமாறச் செய்வது. இனி வருவது உண்டா என்று அது முன்கூட்டிச் சொல்லாது. படிக்க முயன்று முடிவை முட்டிய பின்னரே ஆம் என்னும். இதனை அறியாதவர், முடிவு வராதவரை படி என்று சுற்று அமைக்கின்றனர். கடைசி வரியைப் படித்த பின்னரும் முடிவு இன்னும் தெரியாமையால் சுற்று இன்னொருமுறை ஓடும். புதிய வரி கிடைக்காது. ஆயின் இடையகத்தில் பழைய வரியே கிடக்கும். ஆக இறுதி வரி இருமுறை அச்சாகும். செய்யுள் தொகுப்பில் ஈற்றடி இரட்டித்திருந்தால் புலவரின் அணி என்று எண்ணாமல் முதலில் நிரலை ஐயுறுதல் நலம்.

நூலகத்தின் சொந்தப் பிழைகள்

இதுவரை கூறியவை பெரும்பாலும் கையாள்வோர் பிழைகள். நூலகத்துக்கே உரிய பிழைகளும் உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது ‘கெட்ஸ்’. வரி ஒன்றைப் படித்துத் தரும் இச்செயற்கூற்றுக்கு, வாங்கும் கலத்தின் கொள்ளளவைச் சொல்ல வழியே இல்லை. நாழியின் அளவறியாமல் ஊற்றினால் நெல் வெளியே சிந்துவது போல, மிகுந்த பைட்டுகள் அண்டை நினைவிடத்தில் விழுந்து அங்குள்ளதை அழிக்கும். 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் ராபர்ட் மோரிஸ் என்னும் மாணவர் விடுத்த புழுநிரல், 512 பைட்டு கொள்ளும் கலத்தில் 536 பைட்டுகளைப் புகுத்தி இவ்வழியையும் பயன்படுத்திப் பரவிற்று. ஏறத்தாழ 6,000 கணினிகள் தாக்குண்டன என்று அன்று மதிப்பிட்டனர். ஆயினும் அச்செயற்கூறு 2011ஆம் ஆண்டுத் தரத்தில்தான் நீக்கப்பட்டது. தவறு தெரிந்த பின்னும் அதனை நீக்க 23 ஆண்டுகள் ஆயின.

லினக்ஸில் வழங்கும் குனு சி நூலகத்திலும் ஒரு நெடுங்காலப் பிழை இருந்தது. ஒருமுறை முடிவைக் கண்டால், அக்குறியை நிரல் நீக்கும்வரை மேலும் படித்தலாகாது என்பது 1999ஆம் ஆண்டுத் தரத்தின் விதி. நூலகமோ அவ்வாறு ஒழுகவில்லை. 2018ஆம் ஆண்டு வெளியான 2.28ஆம் பதிப்பில் அது திருத்தப்பட்டது. அப்போது பழைய போக்கை நம்பியிருந்த நிரல்கள் மாறி நடக்க நேரிடும் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்தனர். பிழை நெடுநாள் நீடித்தால் அதனையே விதியென நம்புவோர் தோன்றிவிடுகின்றனர். பாடபேதங்களின் வரலாற்றிலும் இதனைக் காண்கின்றோம்.

அந்நூலகத்தில் ஒரு குறியீட்டு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் பகுதியும் உண்டு. தமிழின் திஸ்கி முறைக்கும் அங்கு இடமுள்ளது. 2024ஆம் ஆண்டு அப்பகுதியில், சீனக் குறியீடு ஒன்றுக்கு மாற்றும்போது கலத்துக்கு வெளியே 4 பைட்டுகள் வரை எழுதிவிடும் பிழை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அது அங்கேயே கிடந்திருந்தது. பலர் பார்த்த நூலகத்திலும் பிழை ஒளிந்திருக்கும் என்பதற்கு இது சான்று.

முன்னோர் வகுத்த முறை

முடிந்ததையும் முறிந்ததையும் வேறுபடுத்தும் கலை நமக்குப் புதிதன்று. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அதற்காக 269ஆம் பாடலை யாரும் 267 என்று மாற்றவில்லை. எண் நிற்கின்றது, பாடல் இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்களும் அவ்வாறே. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காமையால், கிடைத்த எட்டும் இரண்டாம் பத்து முதலாகவே எண்ணப்படுகின்றன. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் சிதைந்த இடத்தில் புள்ளியிட்டுக் காட்டினர். படிக்க இயலாததை இல்லை என்று அவர்கள் கூறவில்லை. எஃப்எரர் என்னும் வினாவை எழுப்பி விடையை நூலிலேயே பதிந்தனர் எனலாம்.

நம் வட்டாரத்தோடு தொடர்புடைய சான்றும் ஒன்றுண்டு. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை நிறைவேற்ற, வள்ளல் சீதக்காதிக்குப் பின்னர் உதவியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காப்பியம் ஹிஜ்ரத்துக் காண்டத்தில் உறனிக் கூட்டத்தார் படலத்தோடு நிற்கின்றது. நபிகள் நாயகத்தின் வரலாறு முழுவதும் அதில் இல்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா என்னும் பெயரில் பாடினார். சீறாப்புராணத்தின் கோப்பு ஒன்றை அவ்விடத்தில் நிற்கக் கண்டால், கோப்பு முறிந்தது என்று எண்ணுதல் பிழை. காப்பியமே அங்கு நிற்கின்றது. மாறாக நுபுவ்வத்துக் காண்டத்தின் நடுவில் நின்றால் முறிந்தது என்று அறியலாம். நூலை அறிந்தவரே இதனைக் கூறமுடியும். நூலகச் செயற்கூறு கூறாது. நிரலாளரும் கூறுதல் அரிது. தமிழாசிரியரின் பணி இங்குத் தொடங்குகின்றது.

ரமலான் இரவுத் தொழுகையில் இமாம் திருக்குர்ஆனை மனத்திலிருந்து ஓதுவார். பின்வரிசையில் மற்றொரு ஹாபிழ் நின்று கேட்பார். ஒரு சொல் விடுபட்டாலும் எடுத்துக்கொடுப்பார். ஓதுபவரின் புலமையில் ஐயம் கொண்டு செய்வதன்று அது. எத்துணை வல்லவரும் தவறக்கூடும். தவறியதைத் தாமே அறிதல் அரிது என்பதனால் ஏற்பட்ட ஒழுங்கு அது. கணினி படிப்பதற்கும் அத்தகைய கேட்பவர் ஒருவர் வேண்டும்.

செய்யத் தக்கன

முதலாவது, மூலக்கோப்பை அழித்தலாகாது. மாற்றிய படி எவ்வளவு அழகாக இருப்பினும் பழையதைத் தனியே காத்தல் வேண்டும். இரண்டாவது, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எண்ணுதல் வேண்டும். பாடல் எத்தனை, வரி எத்தனை, சொல் எத்தனை என்று ஒப்பிட்டால் பெரும்பாலான இழப்புகள் அப்போதே வெளிப்படும். மூன்றாவது, கோப்பின் கடைசி வரியைக் கண்ணால் பார்த்தல் வேண்டும். ஏடெழுதினோர் இறுதியில் முற்றும் என்று எழுதியது போல, நாமும் இறுதியில் ஒரு வரி எழுதிவைத்தால், மாற்றிய படியில் அது உள்ளதா என்று உடனே காணலாம். நான்காவது, நிரல் எழுதித் தருபவரிடம், படிக்க இயலாமற் போனால் உமது நிரல் என்ன சொல்லும் என்று கேட்டல் வேண்டும். விடை சொல்லத் தயங்கினால், பிழையை வேண்டுமென்றே உண்டாக்கிச் சோதித்துப் பார்க்குமாறு கூறலாம். ஐந்தாவது, எழுத்துகள் அனைத்தும், கிரந்த எழுத்துகள் உட்பட, ஒருமுறையேனும் வருமாறு ஒரு சிறு கோப்பைத் தயாரித்து முதலில் அதனை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். என் கோப்பில் ஹகரத்தை இவ்வாறு சோதித்திருந்தால் நானூறு சொற்கள் விடுபட்டிரா.

நிறைவுரை

அம்மாணவர் நிரலில் ஒரேயொரு சொல்லை மாற்றினார். ஒற்றைப் பைட்டு மாறியை முழுஎண் மாறியாக்கினார். மறுமுறை ஓட்டியபோது அட்டைக்கும் அடைவுக்கும் எண்ணிக்கை ஒத்தது. மாணவியும் தம் இயலைத் திருத்தி எழுதினார். ‘கிடைக்கவில்லை’ என்றிருந்த இடத்தில் பன்னிரண்டு பக்கங்கள் சேர்ந்தன.

அச்சொற்களைச் சொன்ன முதியோர் பலர் இன்றில்லை. கம்மாபுரம் வட்டாரத்தில் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் போன ஊர்களும் உண்டு. அவர்களிடம் மீண்டும் சென்று கேட்டுத் திரட்டுதல் இனி இயலாது. எஞ்சியிருப்பது கோப்பும் அட்டையும் மட்டுமே. திருக்குர்ஆனில் முதலாவதாக அருளப்பட்ட கட்டளை ஓதுதலைப் பற்றியது என்பதை நாம் அறிவோம். ஓதுதலுக்கு ஒரு பொறுப்பும் உண்டு. இறுதிவரை ஓதினோமா, இடையில் நின்றோமா என்பதை உண்மையாகக் கூறுதலே அப்பொறுப்பு. மனிதர்க்குரிய அப்பொறுப்பைக் கணினி தானே ஏற்காது. ஆதலின், அது முடிந்தது என்று கூறும்போது, முடிந்ததா முறிந்ததா என்று ஒருமுறை கேட்டுவிடுவோமாக.